பராக்கும் படிப்பும்

சென்ற ஆண்டு தேர்வுக் காலத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோவிற் கதவைச் சாத்தும் வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். மகள் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள்.

"சாமி, இவள் படிக்காதவள் இல்லை. விடிய விடியப் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். ஆனால் தேர்வு அறையில் போய் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடுகிறதாம். தலையில் கைவைத்துச் செபித்து அனுப்புங்கள்" என்றார் அத்தாய்.

செபித்தேன். பின்னர் அம்மாணவியை நோக்கி, "நீ படிக்கும்போது என்னதான் நடக்கிறது அம்மா?" என்று வினவினேன். சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "கண் வரிகளின்மேல் போகிறது, ஃபாதர். மனம் வேறெங்கோ போய்விடுகிறது. பக்கத்தின் அடிக்கு வந்தபிறகுதான் ஒன்றுமே படிக்கவில்லை என்று தெரிகிறது. உடனே பயம் வருகிறது. அந்தப் பயத்தில் அடுத்த பக்கமும் போய்விடுகிறது."

கல்வி உளவியலார் பல பக்கங்களில் விளக்குவதை அப்பெண் நான்கு வரிகளில் விளக்கிவிட்டாள். அவளுடைய துன்பத்துக்கு நம் மக்கள் நெடுங்காலமாக ஒரு பெயர் இட்டிருக்கின்றனர். அது ‘பராக்கு’ என்பது. செபவேளையில் கண்களை அலையவிடும் சிறுவனைப் பார்த்து, "பராக்குப் பார்க்காமல் செபம் சொல்" என்று பாட்டிமார் அதட்டுவதை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். செபத்துக்கு இடையூறு செய்யும் அதே பராக்குதான் படிப்புக்கும் இடையூறு செய்கிறது. இதனைப் பற்றி அண்மைக் காலத்தில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில முறையாக ஆராய்ந்திருக்கின்றன. கல்லூரி செல்லும் பிள்ளைகளை உடைய பெற்றோர் அவ்வாராய்ச்சிகளின் முடிவுகளை அறிந்திருத்தல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அலையும் மனம்

மனித மனம் எவ்வளவு நேரம் அலைகிறது? 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பெர்ட் என்னும் இரு அறிஞர்கள் இதனை அளந்து பார்த்தனர். 2,250 பேரின் கைப்பேசி வழியாக, நினையாத நேரங்களில், "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்? உம் மனம் அச்செயலில் இருக்கிறதா, வேறெங்கேனும் இருக்கிறதா? இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறீரா?" என்னும் பொருள்பட வினவினர். வந்த விடைகளுள் ஏறக்குறைய 47 விழுக்காட்டில், மனம் செய்யும் செயலில் இல்லை என்பது தெரியவந்தது. அலைந்துகொண்டிருந்த வேளைகளில் மக்கள் மகிழ்ச்சி குன்றியே இருந்தனர் என்பதும் வெளிப்பட்டது. எனவே பராக்கு என்பது சோம்பேறிகளுக்கு மட்டும் உரிய குற்றமன்று. மனித இயல்பிலேயே ஊன்றியிருக்கும் ஒரு தளர்ச்சி அது.

இத்தளர்ச்சி மாணவனை எவ்வாறு தாக்குகிறது என்று காண்போம். ஒரு கணக்கைப் போடும்போது, இடையில் வரும் எண்களை மனம் தாங்கி நிற்கிறது. ஒரு நெடிய வாக்கியத்தைப் படிக்கும்போது, அதன் தொடக்கத்தை இறுதிவரை தாங்கி நிற்கிறது. இவ்வாறு தாங்கி நிற்கும் ஆற்றலை உளவியலார் செயல்நினைவு என்பர். அது ஒரு சிறு பலகையை ஒத்தது. அதில் எழுத இடம் மிகக் குறைவு. "தோற்றுவிட்டால் அப்பா என்ன சொல்வார்? கல்விக் கடனை யார் அடைப்பார்?" என்னும் கவலைகள் அப்பலகையில் ஏறி எழுதத் தொடங்கினால், கணக்குக்கு அங்கே இடமேது? கற்றது மறந்துவிடவில்லை, கற்றதை எடுத்து வைக்க இடமில்லாமற் போயிற்று. தேர்வு அறையில் "எல்லாம் மறந்துவிட்டது" என்று கலங்கிய பிள்ளைக்கு, வெளியே வந்து தேநீர் அருந்தும்போது விடைகள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வருவது இதனால்தான்.

பயிற்சி யாது?

ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று வழங்கும் முறையை நாம் மன விழிப்புப் பயிற்சி என்று அழைக்கலாம். இதன் வேர் பௌத்த சமயத்தில் உள்ளது. பாலி மொழியில் ‘சதி’ என்னும் சொல், நினைவோடிருத்தல் என்று பொருள்படும். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராகப் பணியாற்றிப் பாலி மொழியைக் கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்பார், 1881-இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்னும் சொல்லை ஆண்டார். அச்சொல்லே பின்னர் நிலைபெற்றது.

1979-இல் ஜான் கபாட்-ஸின் என்னும் அமெரிக்க அறிஞர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழும் நோயாளிகளுக்கெனப் பயிற்சி ஒன்றை வகுத்தார். சமயக் கொள்கைகளை அகற்றி, பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் தோன்றிய அம்முறை பின்னர்ப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

செய்முறை மிக எளிது. நிமிர்ந்து அமர வேண்டும். மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். சில நொடிகளில் மனம் எங்கேனும் ஓடிவிடும். ஓடியதை உணர்ந்தவுடன், தன்னைத் திட்டிக்கொள்ளாமல், மனத்தை மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவர வேண்டும். மீண்டும் ஓடும், மீண்டும் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் எடுத்து, பார்த்து, முகர்ந்து, மெல்ல உண்பதும், கால் விரல் முதல் தலை வரை உடலின் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாக உணர்ந்து பார்ப்பதும் இதன் வேறு பாடங்கள்.

"மனம் ஓடிக்கொண்டேயிருந்தால் பயிற்சி தோல்விதானே?" என்று சிலர் கேட்பர். இல்லை. ஓடிய மனத்தைத் திரும்பக் கொணர்வதே பயிற்சி. கிணற்றில் வாளி இறங்குவதும் ஏறுவதும் போன்றது அது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கைக்கு வலிமை ஏறுகிறது.

கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடக்கும் பருவம் எட்டு வாரம் கொண்டது. அவ்வெட்டு வாரமும் விரிவுரை, கட்டுரை, ஆசிரியரோடு நேர்முக விவாதம் என்று இடைவிடாத உழைப்பு. ஈஸ்டரை அடுத்து வரும் பருவத்தில் ஆண்டுத் தேர்வு. நாட்டிலேயே முதன்மையான மாணவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டு வந்தவர்களும் அங்கே கலங்கித் தளர்வதுண்டு. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 2010 முதல் 2015 வரை, மனநல ஆலோசனை நாடிய மாணவர் தொகை 50 விழுக்காடு உயர்ந்தது; மாணவர் தொகையோ அவ்வளவு உயரவில்லை. இருக்கும் ஆலோசகர்களைக்கொண்டு இத்துணைப் பேரைத் தாங்க இயலுமா என்னும் கவலை எழுந்தது.

அக்கவலையிலிருந்து பிறந்ததே கேம்பிரிட்ஜ் ஆய்வு. 2015 செப்டம்பர் முதல் 2016 சனவரி வரை 616 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். சீட்டுக் குலுக்குவதுபோல அவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். 309 பேருக்கு, வழக்கமான மனநல உதவிகளோடு, மன விழிப்புப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஏனைய 307 பேருக்கு வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தன. பயிற்சி வாரம் ஒரு முறை, 75 முதல் 90 நிமிடம் வரை, எட்டு வாரம் நடந்தது. இல்லத்தில் நாள்தோறும் எட்டு நிமிடத்தில் தொடங்கி, பின்னர் 15 முதல் 25 நிமிடம் வரை பயிலுமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர்.

உண்மையான சோதனை தேர்வுக் காலத்தில்தான். அவ்வேளையில் இரு பிரிவினரின் மன உளைச்சலையும் வினாத்தாள் வழியாக அளந்தனர். பயிற்சி பெறாத பிரிவில் 57 விழுக்காட்டினர், மருத்துவர் கவனிக்கத்தக்க அளவு உளைச்சல் உடையவராய்க் காணப்பட்டனர். பயிற்சி பெற்ற பிரிவில் அத்தகையோர் 37 விழுக்காட்டினரே. பயிற்சி பெறாதவர்களுக்கு ஆண்டு செல்லச் செல்ல உளைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பயிற்சி பெற்றவர்களுக்கோ, தேர்வு நெருங்கிய நாள்களிலும், ஆய்வின் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. 2018-இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ என்னும் மருத்துவ இதழில் இம்முடிவுகள் அச்சாயின.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சிக்குச் சேர்ந்த 309 பேரில், பாதி வகுப்புகளுக்கேனும் வந்தவர்கள் 182 பேரே. அஃதாவது ஏறக்குறைய 59 விழுக்காடு. நல்ல பழக்கத்தைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர் என்பது கேம்பிரிட்ஜுக்கும் பொருந்தும் போலும்.

மதிப்பெண் கூடியதா?

இவ்விடத்தில் பெற்றோர் யாவரும் காதைத் தீட்டிக்கொள்வர் என்பதை அறிவேன். "உளைச்சல் குறைந்தது சரி; மதிப்பெண் கூடியதா?" என்பதே அவர்தம் வினா. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளரும் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். பயிற்சியால் மதிப்பெண் கூடிற்று என்றோ கூடவில்லை என்றோ உறுதியாகச் சொல்ல அவர்களால் இயலவில்லை. இதனை அவர்களே நேர்மையாக ஒப்புக்கொண்டனர்.

அதற்கு முன்னர், 2013-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்திருந்தது. 48 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம், வாரம் நான்கு வகுப்பாக, மன விழிப்புப் பயிற்சி அளித்தனர். மற்றப் பிரிவுக்கு அதே அளவு நேரம் சத்துணவு பற்றிப் பாடம் நடத்தினர். பின்னர், முதுகலை நுழைவுக்கான தேர்வில் வரும் வாசிப்புப் பகுதியை இரு பிரிவினருக்கும் கொடுத்துச் சோதித்தனர். பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, செயல்நினைவு வளர்ந்தது, பராக்கு குறைந்தது. தொடக்கத்தில் மிகுதியாகப் பராக்குக்கு இடங்கொடுத்தவர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? ஆழ்ந்து பார்ப்பின் இல்லை. சாண்டா பார்பராவில் அளந்தது, கண்ணெதிரே உள்ள ஒரு பத்தியை அப்போதே படித்துப் புரிந்துகொள்ளும் திறன். அதில் கவனம் ஒன்றே பெரும் பங்கு வகிக்கிறது. கேம்பிரிட்ஜில் அளந்ததோ ஓர் ஆண்டின் விளைச்சல். விரிவுரைக்குச் சென்றானா, நூல்களைப் படித்தானா, அடிப்படைப் பாடத்தில் வலுவுடையவனா, நன்றாக உறங்கினானா என்று எத்தனையோ காரணங்கள் அதில் அடங்கியுள்ளன. தெளிந்த மனம், படித்ததை எடுத்துக் கொடுக்கும். படிக்காததை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? நிலத்தைப் பண்படுத்துவது வேறு, விதைப்பது வேறு. விதைக்காத நிலம் எவ்வளவு பண்பட்டிருந்தாலும் கதிர் காண்பதில்லை.

எல்லாருக்கும் ஏற்றதா?

நல்ல மருந்துக்கும் அளவு உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடையே இப்பயிற்சியைச் சோதித்தனர். 2022-இல் வெளியான அதன் முடிவு யாதெனில், வழக்கமான வாழ்க்கைக் கல்விப் பாடத்தைவிட இது சிறந்த பயன் எதையும் தரவில்லை என்பதே. பெரும்பாலான பிள்ளைகள் இல்லத்தில் பயிலவே இல்லை. தாமே விரும்பி வந்த கேம்பிரிட்ஜ் மாணவருக்குப் பயன்பட்டது, வகுப்பில் உட்காரவைத்து ஊட்டப்பட்ட சிறுவருக்குப் பயன்படவில்லை. எனவே, பெற்றோரே, இதனைப் பிள்ளைகள்மேல் மற்றொரு சுமையாக ஏற்றிவிடாதீர்கள்.

கடும் மனநோயால் வருந்துவோரைக் கேம்பிரிட்ஜ் ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறவாதிருப்போம். பல நாள் உறங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளையை, அல்லது "வாழ்ந்து என்ன பயன்?" என்று பேசும் பிள்ளையை, மூச்சைக் கவனி என்று சொல்லி விட்டுவிடலாகாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுகிறோம். மனத்தின் காய்ச்சலுக்கு ஏன் நாடலாகாது?

நம் மரபில்

"பௌத்த வேரிலிருந்து வந்ததை நம் பிள்ளைகள் பயிலலாமா?" என்று கேட்போர் உண்டு. பிற சமயங்களில் உள்ள உண்மையானவற்றையும் தூயவற்றையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக்கிற்று. 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் குறித்து வெளியிட்ட மடலும், பிற சமயத்தாரின் முறைகளிலிருந்து பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்றே கூறுகிறது. ஆனால் உடல் தளர்ந்து மனம் அமைவதால் வரும் இனிய உணர்வைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என எச்சரிக்கிறது. மூச்சைக் கவனிப்பது மனத்துக்கு ஒரு பயிற்சி. செபமோ இறைவனோடு உரையாடல். இரண்டையும் குழப்பாதவனுக்கு இடர் இல்லை.

பராக்கோடு போராடிய மாணவர்கள் நம் புனிதர் வரிசையிலும் உளர். போரில் காலுடைந்து மனம் திரும்பிய புனித லொயோலா இஞ்ஞாசியார், 1524-இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய அமர்ந்தவுடனே, ஆன்மீக இன்பங்களும் புதிய ஞான விளக்கங்களும் அவர் உள்ளத்தில் பெருக்கெடுத்தன. பாடம் ஏறவில்லை. செபத்தில் வராத ஒளி இலக்கணம் படிக்கும்போது மட்டும் ஏன் வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார். இது சோதனையே என்று தெளிந்தார். தம் ஆசிரியரைக் கடல்மாதா கோவில் அருகே அழைத்துச் சென்று அமர்த்தி, நடந்ததை ஒளியாமல் எடுத்துரைத்தார். உண்ண அப்பமும் பருக நீரும் கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் வகுப்பில் கவனம் தவறேன் என்று வாக்களித்தார். அதன்பின் அத்தொல்லை நீங்கிற்று. புனிதமான எண்ணமும் வேளையல்லாத வேளையில் வந்தால் பராக்கே என்பது அவர் கற்ற பாடம். கண்டறிதல், ஒளியாமல் சொல்லுதல், திரும்ப வருதல் என்னும் மூன்று படிகளை அதில் காண்கிறோம்.

பிரெஞ்சு நாட்டு மெய்யியல் ஆசிரியை சிமோன் வெய்ல் என்பாரும் 1942-இல் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தொமினிக்கன் சபைக் குரு ஒருவருக்கு அனுப்பினார். அதன் கருத்து நம்மை வியக்கவைப்பது. வடிவியற் கணக்கு ஒன்றோடு ஒரு மணி நேரம் போராடி விடை காணாது போன மாணவனின் உழைப்பு வீணாகவில்லை. அவ்வேளையில் வளர்ந்த கவனம் பின்னொரு நாள் அவனுக்குச் செபத்தில் உதவும். துன்புறும் அயலானை உற்றுநோக்கவும் உதவும் என்கிறார். புருவத்தை நெரித்துத் தசையை இறுக்குவது கவனம் ஆகாது என்றும் எச்சரிக்கிறார். ஆகவே மதிப்பெண் என்பது கவனத்தின் ஒரு கனி மட்டுமே. அதனினும் பெரிய கனிகளும் உண்டு.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பிள்ளை படிக்க அமரும்முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கட்டும். மூச்சைக் கவனிக்கட்டும், அல்லது சிலுவை அடையாளம் வரைந்து, இயேசுவின் திருப்பெயரை மெல்ல உச்சரிக்கட்டும். கைப்பேசியை வேறு அறையில் வைக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தன் சொற்களில் சொல்லிப் பார்க்கட்டும். பராக்கு வந்ததை உணர்ந்தால், தன்னைச் சபித்துக்கொள்ளாமல், விட்ட வரிக்குத் திரும்பட்டும். இரவில் போதிய அளவு உறங்கட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவது எளிது. "அடுத்த வீட்டுப் பையனைப் பார்" என்னும் சொல்லை நிறுத்துவதுதான் அரிது. மேலே சொன்ன சிறு பலகையில் கவலையை எழுதும் கை, சில வேளைகளில் நம்முடைய கையாகவே இருக்கிறது.

அம்மாணவிக்கு நான் சொன்னவை இவையே. அடுத்த பருவத் தேர்வு முடிவு வந்தபோது தாயும் மகளும் மீண்டும் வந்தனர். ஐந்து பாடங்களில் தேர்ச்சி, ஒன்றில் அரியர். தாயின் முகம் வாடியிருந்தது. மகள் சொன்னாள்: "இந்த முறை அந்தத் தாளிலும் வினாக்களைப் படிக்க முடிந்தது, ஃபாதர். விடை தெரியவில்லை; அந்தப் பாடத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் பயப்படவில்லை. அன்றிரவு தூங்கினேன்."

தாயைப் பார்த்தேன். "அம்மா, அரியரை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். உறங்கும் பிள்ளை உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறாள், அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றேன். அவர் மகளின் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் எழுந்து நற்கருணை நாதரைச் சந்திக்கக் கோவிலுக்குள் சென்றனர்.